போர் முடிந்த பிறகும் அப்பாவி மக்கள் ஏன் சாகிறார்கள்?

லாவோஸைப் பாருங்கள். 1964 முதல் 1973 வரை, பக்கத்தில் வியட்நாம் போர் நடந்த காலத்தில், அமெரிக்கா இந்தச் சின்ன நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளைக் கொட்டியது, அதுவும் ரகசியமாக. இதில் கொத்துக்குண்டுதான் ரொம்ப மோசம். வானத்திலேயே திறந்து நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளைச் சிதறவிடும், அப்படி விழுந்த சுமார் 27 கோடியில் 30 சதவீதம் வரை வெடிக்காமல் மண்ணுக்குள் தங்கிவிட்டன. பார்க்கப் பந்து போல இருப்பதால் குழந்தைகள் கையில் எடுத்துவிடுகிறார்கள். வயலில் மண்வெட்டி பட்டாலும் வெடிக்கும்.

போருக்கு அப்புறம் மட்டும் 20,000 பேருக்கு மேல் இறந்தோ காயப்பட்டோ இருக்கிறார்கள். எனக்கு மனசே ஆறவில்லை, இவர்களில் பலர், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்றுகூடத் தெரியாத பிள்ளைகள். கொத்துக்குண்டைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 2008-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவும் ரஷ்யாவும் அதில் சேரவில்லை.