யார் சொல்வதைக் கேட்பது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை குழந்தைக்கு என்ன கொடுப்பது என்பதைப் பற்றியவை அல்ல. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே, எதை நம்புவது என்பதுதான் பலரின் குழப்பம்.

மகனுக்கு ஏழு மாதம். ஒரு வயது வரை முட்டையைக் கண்ணில் காட்டாதே என்கிறது ஒரு வீடியோ. ஆறு மாதத்திலேயே கொடு என்கிறது இன்னொன்று. எது சரி?

இரண்டாவதுதான் சரி. ஆனால் முதலாவதும் யாரோ கிளப்பிவிட்ட புரளி இல்லை. அலர்ஜி வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முட்டையை இரண்டு வயது வரையும், வேர்க்கடலையை மூன்று வயது வரையும் தள்ளிப்போடச் சொல்லி 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே பரிந்துரைத்தது. தள்ளிப்போடுவதால் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இல் அது பின்வாங்கியது. 2015-இல் லண்டன் ஆய்வு ஒன்று வெளிவந்தது. கடுமையான எக்ஸிமாவோ (தோல் சிவந்து அரிக்கும் நோய்) முட்டை அலர்ஜியோ இருந்த, ஒரு வயது நிரம்பாத 640 குழந்தைகளில் பாதிப் பேருக்கு வேர்க்கடலை கொடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தால், தவிர்த்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு வேர்க்கடலை அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் சொச்சம்தான்.

நானும் அந்தப் பழைய அறிவுரையைப் பல தாய்மார்களுக்குச் சொன்னவள்தான். அதனால் எந்தக் குறிப்பைப் படித்தாலும் முதலில் அது எந்த வருஷத்தது என்று பாருங்கள். வருஷமே போடாத குறிப்பை ஓரமாக வைத்துவிடுங்கள்.

முட்டை முழுதாக வெந்திருக்கட்டும், முதல் நாள் கொஞ்சமாகப் போதும். வேர்க்கடலையைக் குழைத்தோ பொடித்தோதான் கொடுக்க வேண்டும், முழுக்கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். உங்கள் குழந்தைக்குக் கடுமையான எக்ஸிமா இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

ஒன்பது மாதக் குழந்தைக்குத் தேன் கொடுக்கலாம் என்கிறார் மாமியார். சுத்தமான தேன்தான்.

வேண்டாம். 12 மாதம் முடியும் வரை ஒரு சொட்டுக்கூட வேண்டாம். தேனில், தசைகளைத் தளரவைக்கும் பாட்டுலிசம் நோயைக் கொண்டுவரும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். தேன் சுத்தமானது என்பதால் அவை இல்லாமல் போகாது, கொதிக்க வைத்தாலும் சாகாது. மற்ற விஷயங்களில் மாமியார் பேச்சைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளுக்கு ஒன்றரை வயது. நான் தொடர்ந்து பார்க்கும் ஒரு ஊட்டச்சத்து நிபுணர், இந்த வயதுக்கென்றே விற்கும் பால் பவுடரைச் சிபாரிசு செய்கிறார். வாங்கலாமா?

தேவையில்லை. 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு இந்த வகைப் பவுடர் வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. தாய்ப்பாலைத் தொடரலாம், இல்லையென்றால் சாதாரணப் பாலே போதும்.

அந்த நிபுணரின் பதிவில் தள்ளுபடிக் குறியீடு ஏதாவது இருக்கிறதா? பால் பவுடர் விளம்பரத்தைக் கட்டுப்படுத்த 1981-இலேயே ஒரு சர்வதேச நெறிமுறை வந்தது என்றால், பிரச்சினை எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து மாதப் பையன். தினமும் மூன்று கிண்ணம் என்று ஆப் சொல்கிறது. நாலு கரண்டியிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. முகத்தைத் திருப்புவதும், உதட்டை இறுக்குவதும், கரண்டியைத் தட்டிவிடுவதும் ‘போதும்’ என்பதற்கு அவனிடம் இருக்கும் சொற்கள். எதை, எப்போது கொடுப்பது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவன் முடிவு.

தாய்ப்பால் குடிக்கும் 9–11 மாதக் குழந்தைக்குத் திட உணவிலிருந்து நாளுக்குச் சுமார் 300 கலோரி என்பது ஒரு சராசரிக் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் நாலு கரண்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராக ஓடுகிறதா? அப்படியானால் வயிறு நிறைகிறது, சத்து போகவில்லை. சாய்த்தாலும் சட்டென்று வழியாத பதம் வேண்டும். பருப்பு, முட்டை, மீன், இறைச்சி என்று இரும்புச்சத்து உள்ள ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு இருப்பு ஆறு மாத வாக்கில் கரையத் தொடங்கிவிடும்.

அப்புறம், ஆப்பை விட, எடையும் உயரமும் குறித்துவைக்கும் வளர்ச்சி அட்டையை நம்புங்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் ஆறு நாடுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அளந்து தயாரித்தது. ஒரு மாதத்துப் புள்ளி கொஞ்சம் கீழே இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். அது தட்டையாகிவிட்டாலோ இறங்கினாலோ டாக்டரிடம் போங்கள்.

சரி, யாரிடம்தான் கேட்பது?

உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உங்கள் நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம். பொதுவான சந்தேகங்களுக்கு இவை போதும். நேரில் என்றால், பதிவு பெற்ற டயட்டீஷியன் (உணவியல் நிபுணர்). ‘நியூட்ரிஷனிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ளப் பல நாடுகளில் எந்தத் தகுதியும் கேட்பதில்லை. குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்காமலே பதில் சொல்ல ஆரம்பிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

டாக்டரிடம் ஐந்து நிமிஷம்தான் கிடைக்கிறது. என்ன எடுத்துப் போவது?

வளர்ச்சி அட்டை, கூடவே மூன்று நாள் சாப்பாட்டுக் கணக்கு. குடித்ததையும் மில்லி கணக்கில் எழுதுங்கள். ‘பசியே எடுப்பதில்லை’ என்று இரண்டு வயதுக் குழந்தையோடு ஒரு அம்மா வந்தார். சாப்பாட்டுப் பக்கம் கிட்டத்தட்ட காலி. ஓரத்தில் பென்சிலால் பால் மட்டும்: காலை 250, பகலில் 250, மாலை 250, தூங்கும்போது 250. அரை லிட்டர் வாக்கில் போதுமான வயது. கூட்டிப் பார்த்துவிட்டு அவரே சிரித்துவிட்டார்.