மாணவர் செயற்கைக்கோள்: 500 கி.மீ.யா, 650 கி.மீ.யா?

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரிக் குழு 3 கிலோ எடையில் ஒரு கியூப்சாட் (சின்னப் பெட்டி வடிவச் செயற்கைக்கோள்) செய்து வருகிறது. அதில் த்ரஸ்டர், அதாவது பாதையை மாற்ற உதவும் உந்து எஞ்சின், கிடையாது. ஏவுவதற்கு இரண்டு வாய்ப்புகள் பேச்சில் இருக்கின்றன: ஒன்று 500 கி.மீ., மற்றது 650 கி.மீ. உயரே போனால் நீண்ட நாள் உழைக்கும் என்கிறார் எங்கள் பேராசிரியர். விண்வெளிக் குப்பையைப் பற்றி எங்களைப் போன்ற சின்னக் குழுவும் யோசிக்க வேண்டுமா?

பதில்: 500-ஐ எடுங்கள். 650-இல் அது நீண்ட நாள் இருக்கும் என்பது சரிதான், உழைக்குமா என்பது வேறு கதை. மாணவர்கள் செய்த கியூப்சாட்களில் கணிசமானவை மேலே போய் ஒரு சிக்னல்கூட அனுப்பாமல் ஊமையாகிவிட்டன. உங்களுடையதும் முதல் நாளே செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு உயரத்தை முடிவு செய்யுங்கள். தரையிலிருந்து கட்டளை போனால்தான் வேலை செய்யும் எந்த ஏற்பாடும் அப்போது உதவாது. அந்த உயரத்திலும் கொஞ்சம் இருக்கும் மெல்லிய காற்று மட்டும்தான் உரசி உரசி அதைக் கீழே இழுத்து வரும்.

நம் ஊரிலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட், சுமார் 40 கிலோ, 2009 ஏப்ரலில் போனது. தாழ்ந்த பாதை என்பதால் 2012 ஏப்ரலில் வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துவிட்டது. எஸ்ஆர்எம் பல்கலைக்கழக மாணவர்களின் எஸ்ஆர்எம்சாட், சுமார் 11 கிலோ, 2011 அக்டோபரில் மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளுடன் ஒரே ராக்கெட்டில் 860 கி.மீ.யை ஒட்டிய உயரத்துக்குப் போனது. மேகா-டிராபிக்ஸில் எரிபொருள் மிச்சம் இருந்ததால் 2023 மார்ச்சில் இஸ்ரோ அதைப் பசிபிக் கடல் பக்கமாகப் பத்திரமாக இறக்கிவிட்டது. கூடப் போன சின்னது இன்னும் மேலேதான் சுற்றுகிறது, அந்த உயரத்தில் இருந்து தானாக இறங்க நூற்றாண்டுகள் ஆகும். மாணவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒண்டிக்கொண்டு போகிறவர்கள் பெரிய செயற்கைக்கோள் போகும் இடத்துக்குத்தான் போயாக வேண்டும். உங்களுக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பு இருக்கிறது.

500 கி.மீ.யில் உங்கள் கியூப்சாட் சில ஆண்டுகளில் இறங்கிவிடும். 650 என்றால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். துல்லியமாகச் சொல்ல முடியாததற்குச் சூரியன் காரணம். அது கொதிக்கும் ஆண்டுகளில் மேல் வளிமண்டலம் உப்பி இழுவை கூடும், அடங்கிய ஆண்டுகளில் குறையும். அதனால் கணக்குப் போடும்போது அடங்கிய சூரியனை வைத்தே போடுங்கள். அத்தனை ஆண்டுகளும் எதிரே எது வந்தாலும் விலகிப்போக வழியில்லாமல் உங்கள் கியூப்சாட் மிதக்கும். 2009-இல் இரிடியம் 33, காஸ்மோஸ் 2251 என்ற இரண்டு செயற்கைக்கோள்களும் சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கி.மீ.யில் மோதின. காஸ்மோஸ் ஏற்கெனவே செயலிழந்து கிடந்த ஒன்று. பதிவானவை மட்டுமே கிட்டத்தட்ட 2,000 துண்டுகள்.

விதிகளும் இறுகி வருகின்றன. பணி முடிந்த செயற்கைக்கோள் 25 ஆண்டுக்குள் இறங்க வேண்டும் என்று இருந்த பழைய வழக்கத்தை அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2022-இல் 5 ஆண்டாகக் குறைத்தது. 2030-க்குள் இந்தியப் பயணங்கள் எல்லாமே குப்பை மிச்சம் வைக்காமல் முடிய வேண்டும் என்று இஸ்ரோ அறிவித்திருக்கிறது. அனுமதிக்கு இன்-ஸ்பேஸிடம் (தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் இந்திய அரசு அமைப்பு) போவதற்கு முன் இந்த ஆயுள் கணக்கைக் கையில் வைத்திருங்கள்.

அப்புறம், பேட்டரி. பணி முடிந்ததும் சோலார் பேனலிலிருந்து அதைத் துண்டித்து, சார்ஜை வடியவிட ஒரு சுற்று வையுங்கள், ஊமையானாலும் தானே இயங்கும்படி டைமரோடு. கைவிட்ட லித்தியம் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி வெடித்தால் ஒரு குப்பை பல குப்பை ஆகும்.

கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் சோதனைக்குத் தனியாகப் பறக்கும் செயற்கைக்கோள் கட்டாயம் வேண்டுமா? ஒரு சென்சாரையோ சர்க்யூட் போர்டையோ சோதிப்பதுதான் நோக்கம் என்றால் இஸ்ரோவின் போயம் மேடையைப் பாருங்கள். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் கடைசிப் பகுதியான நான்காம் கட்டம்தான் அது, செயற்கைக்கோள்களை விட்டு வேலை முடிந்தும் வீணாகாமல் சோதனை மேடையாகச் சுற்றும். 2024 டிசம்பரில் போன போயம்-4, 350 கி.மீ. உயரத்தில் 24 கருவிகளைச் சுமந்தது. காராமணி விதை முளைத்ததும் அதில்தான். 2025 ஏப்ரலில் அந்த மேடை இறங்கி எரிந்துவிட்டது. சில மாதத் தரவு போதும் என்றால் 500-கூட வேண்டாம், போயம்தான் என் தேர்வு.