பம்பின் கைப்பிடியைக் கழற்றியதால்தான் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா அடங்கியதா?

முழுவதும் அப்படிச் சொல்லிவிட முடியாது. 1854 செப்டம்பர் 8 அன்று அங்கிருந்த பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடி கழற்றப்படும் முன்பே, பலர் அப்பகுதியை விட்டு ஓடிவிட்டதால் சாவுகள் குறையத் தொடங்கியிருந்தன. கைப்பிடியைக் கழற்றச் சொன்ன மருத்துவர் ஜான் ஸ்னோவே இதை ஒப்புக்கொண்டார். நோய் கெட்ட காற்றால் அன்று, குடிநீரால் பரவுகிறது என்ற அவருடைய வாதத்துக்கு வலுச் சேர்த்தவர்கள், என் பார்வையில், சாகாமல் தப்பியவர்களே: அருகிலிருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் பெரும்பாலும் பீரையே குடித்துவந்தார்கள், சொந்தக் கிணறு இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேரில் 5 பேர் மட்டுமே இறந்தனர். பின்னர் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட் விசாரித்தபோது, அத்தெருவின் 40ஆம் எண் வீட்டில் நோயுற்ற கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர் கொட்டப்பட்ட மலக்குழி, அடிபம்பின் கிணற்றிலிருந்து மூன்றடிகூடத் தள்ளியில்லை என்பதும், அதன் செங்கற்கள் சிதைந்து கழிவு கசிந்ததும் தெரியவந்தன.