கட்-ஆஃப் வருவதற்கு முன்னால்

வணக்கம்.

பவானி வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். இந்த ஆண்டு உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பிளஸ் டூவில் 64 பிள்ளைகள். துறை கொடுத்த கையேடு இருக்கிறது, படிப்புகளின் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், வாட்ஸ்அப்பில் தினமும் பிடிஎஃப் வருகிறது. இவ்வளவு இருந்தும் ஜூன் மாதம் வந்தால் குழப்பம்தான். பெற்றோரைக் கேட்டால், "நீங்களே பாத்து எதுனாச்சும் ஒண்ணு போட்டு உட்ருங்க டீச்சர்" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

– வேதியியல் ஆசிரியை, பவானி வட்டம்

*

அன்புள்ள டீச்சர்,

சுவரில் ஒட்டியது இருக்கட்டும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படட்டும். ஜூனில் அவர்களைத் தடுக்கி விழவைப்பது பெரும்பாலும் ஓர் இனிஷியல், ஒரு போன் நம்பர், விருப்பப் பட்டியலில் வரிசை மாறிப்போன இரண்டு வரிகள். ஆகவே தேர்வு முடிவுக்குக் காத்திருக்காமல் நவம்பரிலேயே ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைலோடு தொடங்குங்கள்.

ஃபைலில் முதலில் சாதிச் சான்றிதழ். நம் பக்கத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'கவுண்டர்' என்பது பட்டப்பெயர். வெள்ளாளர், வேட்டுவர், ஊராளி, குறும்பர் என்று பலரும் போட்டுக்கொள்வது. பழைய டி.சி.யில் வெறுமனே 'இந்து கவுண்டர்' என்று எழுதியிருந்தால் அரசுப் பட்டியலில் அது எந்த வரி என்று யாராலும் சொல்ல முடியாது. சான்றிதழில் இருக்கும் பெயர் பட்டியலில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அடுத்தது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'கா. பிரியா', ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, ரேஷன் கார்டில் வேறொரு எழுத்து. பள்ளிப் பதிவில் திருத்த வேண்டியதைப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போவதற்குள் திருத்திவிட வேண்டும். அச்சாகி வந்தபின் திருத்துவது பல மாத வேலை.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும்; நவம்பரில் வாங்கினாலும் ஜூலைக்கு உதவும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு வீட்டில் யாருமே பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அண்ணன் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடையாது. இதைச் சொல்லாமல் விண்ணப்பிக்கிறவர்கள் நிறைய. எல்லாம் இ-சேவையில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் எனப் படியேறி வட்டாட்சியர் அலுவலகம் போய் வர வேண்டியவை. முடிவு வந்தபின் வட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் போய் நின்றால் எப்போது கைக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இனி போன் நம்பர். பிரவுசிங் சென்டரில் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிகிறவர்கள் கடைக்காரரின் நம்பரையும் அவரே உருவாக்கிய மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார்கள். பாஸ்வேர்டு கடை நோட்டில் இருக்கும். கலந்தாய்வில் ஒதுக்கிய இடத்தை உறுதிசெய்ய இரண்டே நாள்தான் அவகாசம். அன்றைக்குப் பார்த்து ஓடிபி அவர் போனுக்குப் போகும், அவர் பழனிக்குப் போயிருப்பார். கலந்தாய்வு முடியும்வரை மாற்றாத நம்பராக, வீட்டில் இருக்கிற போனின் நம்பராகக் கொடுக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலைப் பிள்ளையே உங்கள் கண்முன்னால் திறக்கட்டும். பாஸ்வேர்டை ஃபைலின் உள்ளட்டையில் எழுதி வைக்கட்டும். தகவல் பாதுகாப்பு தெரிந்தவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை.

பொறியியல் கட்-ஆஃபைக் கரும்பலகையில் ஒரு தடவை போட்டுக் காட்டிவிடுங்கள். கணிதம் 100-க்கு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக 200. கணிதம் 70, இயற்பியல் 80, வேதியியல் 78 வாங்கி, மொத்தம் 520 எடுத்த பெண்ணுக்கு 70 + 40 + 39 = 149. மொத்தம் 478தான், ஆனால் 82, 76, 71 எடுத்த பையனுக்கு 82 + 38 + 35.5 = 155.5. ஊரில் 520-க்குத்தான் சால்வை போடுவார்கள். தரவரிசையில் பையன்தான் முன்னால். கட்-ஆஃப் சமமானால் முதலில் பார்ப்பது கணிதத்தை, பிறகு இயற்பியலை.

போன வருடக் கட்-ஆஃபை வைத்து இந்த வருடம் கணக்குப் போடாதீர்கள். வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டில் எல்லோருக்கும் மதிப்பெண் ஏறும். போன வருடம் 180-க்குக் கிடைத்த இடம் இந்த வருடம் கிடைக்காது. தரவரிசை அவ்வளவாக ஆடாது. அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், பிள்ளையின் சாதிவாரி இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை என்ன என்று பாருங்கள்.

விருப்பப் பட்டியல்தான் இதில் முக்கியமான இடம். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் கணக்கு. கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, நிச்சயமாகக் கிடைக்கிற கல்லூரியை முதலில் போடுகிறார்கள். கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். முதலில் காலியாக இருப்பதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். எட்டாததை மேலே போட்டால் இழப்பு ஒன்றுமில்லை. எளிதாகக் கிடைப்பதை மேலே போட்டால், கீழே ஆசைப்பட்டு எழுதிய எதையும் கணினி பார்க்கவே பார்க்காது. பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணை வைத்து நிரப்பச் சொல்லுங்கள். பி.எஸ்.ஜி. டெக் பீளமேட்டில் இருக்கிறது, பி.எஸ்.ஜி. ஐ-டெக் நீலாம்பூரில். இரண்டும் வேறு கல்லூரிகள், வேறு எண்கள். ஒரே கல்லூரிக்குள்ளும் பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்எஸ்' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. அரசு உதவிபெறும் பிரிவின் கட்டணத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் போட்டுவிட்டால், பணம் கட்டும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

ஒதுக்கீடு வந்தபின் இரண்டு வழிகளைப் பிள்ளைகள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, ஒப்புக்கொண்டு சேர்வது. இன்னொன்று, இதை ஒப்புக்கொண்டு, மேலே இருப்பது காலியானால் அங்கே போவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. "சும்மா போட்டு வெச்சேன்" என்று மேலே எழுதிய கல்லூரி அப்போது கழுத்தில் விழும். எதையும் அழுத்தாமல் விட்டுவிட்டால் கிடைத்ததும் போய்விடும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு உங்கள் பள்ளிக்குப் பெரிய வாய்ப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி கணக்கில் வரும். அரசு உதவிபெறும் பள்ளி வராது. ஏழாம் வகுப்பை மட்டும் ஈரோட்டில் சித்தப்பா வீட்டில் இருந்து அங்கே ஓர் எய்டட் பள்ளியில் படித்த பிள்ளை இருந்தால், இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. எமிஸ் எனும் கல்வித் துறையின் இணையப் பதிவேடும் டி.சி.யும் ஒத்துப்போகின்றனவா என்று தலைமையாசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். இந்த ஒதுக்கீட்டில் எடுக்கும் பொறியியல் இடத்துக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசு ஏற்கிறது. பொதுப் பிரிவில் எடுத்த இடத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே இரண்டு பக்கமும் இடம் வந்தால் கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

ஒரு விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் போதும் என்று நினைக்கிற வீடுகள் இருக்கின்றன. வேளாண்மைக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தனி விண்ணப்பம், கால்நடை மருத்துவத்துக்குத் தனி, சட்டத்துக்குத் தனி. அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம், செலவும் சொற்பம். அங்கே தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணையும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும், மற்றப் படிப்புகளுக்கு மொழிப்பாடம் நீங்கலான நான்கு பாடங்களின் 400-ஐயும் பார்ப்பார்கள். பொறியியல் கிடைக்கும் என்று நம்பியிருப்பவரையும் இதில் ஒன்று போடச் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. பின்னதை 2024 ஆகஸ்டில் கோவையில்தான் தொடங்கினார்கள். பணம் வராத பிள்ளையின் வங்கிக் கணக்கைப் பார்த்தால் பெரும்பாலும் ஆதார் இணைந்திருக்காது, அல்லது வேறொரு பழைய கணக்கில் இணைந்திருக்கும். வங்கியில் ஒரு படிவம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

மேயில் வீடு தேடி வரும் ஏஜெண்டுகள் 'சீட்டைப் பிடித்து வைக்க' ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்பார்கள். கொடுக்க வேண்டாம். சரிபார்த்ததும் ஒரிஜினலைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. டி.சி.யை மட்டும் சேரும் கல்லூரியில், சேருகிற அன்று கொடுத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. ஒரு நீள நோட்டில் 64 வரி போட்டு, சான்றிதழுக்கொரு கட்டம், விண்ணப்பத்துக்கொரு கட்டம் அடித்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த அன்றே ஒரு பாடத்தில் தோற்றவர்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு, அவர்கள் வீட்டுக்கு முதலில் போன் செய்யுங்கள். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாட்கள் மிகக் குறைவு. அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு உண்டு. அது தெரியாமல்தான் பலர் அந்த வருடத்தையே விட்டுவிடுகிறார்கள்.