சிரித்துக்கொண்டிருந்த பில்லி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் கட்டுரை ஒன்றில், அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயைக் கேட்க விரும்புகிறவர்கள் 1930களின் பதிவுகளில் தொடங்குவது நல்லது என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். நான் தலைகீழாகத் தொடங்கியவன். 1958இல் வந்த ‘லேடி இன் சாட்டின்’தான் நான் கேட்ட முதல் தொகுப்பு. அந்த உடைந்த குரல் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. பிறகு அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். சிறை, போதை, 44 வயதில் மரணம்.

உங்கள் சொல்லை நம்பி ஆரம்பப் பதிவுகளுக்குப் போனேன். ஏமாற்றமாக இருந்தது. பாட்டெல்லாம் நிலா, முத்தம், படகு. பாதி நேரம் வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள். இவர் நடுவில் வந்து ஒரு நிமிடம் பாடிவிட்டுப் போய்விடுகிறார். குரல் சின்னப் பெண்ணுடையதாக இருக்கிறது. இரைச்சல் வேறு. என்னுடையது கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காது. இதில் கமகமும் இல்லை, விரிவும் இல்லை. அந்தத் துயரம் எங்கே போயிற்று? நான் எதைத் தவறவிடுகிறேன்?

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துயரம் அங்கே இல்லை. தேடாதீர்கள்.

1935இல் பில்லிக்கு இருபது வயது. நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் பகுதியான ஹார்லெமின் இரவு விடுதிகளில் மேசை மேசையாகப் போய்ப் பாடிக் காசு வாங்கிக்கொண்டிருந்த பெண். ஊரிலேயே நன்றாக வாசிக்கிற ஏழு பேர் சுற்றி உட்கார்ந்து வாசிக்க, நடுவில் நின்று பாடும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. அவர் குஷியாகப் பாடுகிறார். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து வரப்போகிற கண்ணீரை அதில் எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உங்கள் புகார்களில் சில நியாயமானவை. பாட்டுகள் பல அசடு. சிலவற்றை அவராலேயே காப்பாற்ற முடியவில்லை. அவருடைய முதல் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1933 நவம்பர் 27, கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் குழுவோடு பாடியது. ஏற்பாடு செய்தவர் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட். பில்லிக்கு அப்போது பதினெட்டு வயது. குரல் கொஞ்சம் மேலேயே நின்று திணறுகிறது, பாட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவதிலேயே மூச்சு போய்விடுகிறது. அதற்கு மூன்று நாள் முன்புதான் அதே ஹாமண்ட் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தை வைத்து ஒரு பதிவு செய்திருந்தார். பெஸ்ஸியின் கடைசிப் பதிவு அதுவாகவே ஆகிவிட்டது. மைக் இல்லாத கூடாரத்தில் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடிப் பழகிய குரல் ஒரு வாரத்தில் முடிகிறது, மைக்கிடம் பேசத் தெரிந்த குரல் அதே வாரத்தில் தொடங்குகிறது. கதையில் எழுதினால் நானே அடித்துவிடுவேன். நடந்தது நடந்ததுதான்.

‘ஒரு நிமிடம் பாடிவிட்டுப் போய்விடுகிறார்’ என்கிறீர்கள். அன்றைய தொழில் அப்படி. பத்து அங்குல இசைத்தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். தட்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்த பெயர் பியானோ வாசித்த டெடி வில்சனுடையது; கீழே பொடி எழுத்தில் பாடியவர் பெயர். இந்தத் தட்டுகளில் பெரும்பகுதி காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளுக்காகவே தயாரானவை. பதிப்பாளர்கள் அந்த வாரம் தள்ளிவிட நினைத்த பாட்டுகள் வரும். நல்லவை பெரும்பாலும் பெயர் பெற்ற வெள்ளைக்காரப் பாடகர்களுக்குப் போய்விடும், மிச்சம் இவர்களுக்கு. ஒத்திகை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பாடியதற்கு ஒரு தொகை கொடுத்தால் அதோடு கணக்கு தீர்ந்தது, விற்பனையில் பங்கில்லை. அசட்டுப் பாட்டு, மூன்று நிமிடம், அதில் தனக்கென்று ஒரு சுற்று, அதாவது மெட்டு ஒருமுறை முழுதாக வந்துபோகும் நேரம். பில்லியின் கையில் இருந்தது அவ்வளவுதான். கச்சேரிப் பாடகி என்று எண்ணிக் கேட்காமல், சுற்று வரும்போது எழுந்து வாசிக்கும் கிளாரினெட்காரரைக் கேட்பதுபோல் அவரைக் கேளுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

1935 ஜூலை 2 அன்று நியூயார்க்கில் பதிவான ‘வாட் எ லிட்டில் மூன்லைட் கேன் டூ’வை மறுபடி எடுங்கள். டிரம்பெட்டில் ராய் எல்ட்ரிட்ஜ், டெனர் சாக்ஸபோனில் பென் வெப்ஸ்டர், டிரம்ஸில் கோஸி கோல். முதலில் குட்மனின் கிளாரினெட் ஒரு சுற்று துள்ளி ஓடுகிறது. தாளம் படுவேகம். காலால் தட்டிக்கொண்டு கேட்டால் கால் வலிக்கும். அப்போது பில்லி வருகிறார். முதலில் சொல்கூட இல்லை. ‘ஊ… ஊ… ஊ…’ என்று மூன்று முறை. குழு முழுவதும் ஓடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் நடக்கிறார். ரயில் நகரத் தொடங்கியபின் பிளாட்பாரத்தில் அவசரமே இல்லாமல் நடந்து வந்து, சரியான நொடியில் படியில் கால் வைத்து ஏறுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். நமக்குத்தான் பதறும், அவருக்கில்லை.

மெட்டை அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவருடைய குரலின் எல்லை ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேல், அவ்வளவே. மெட்டுக்காரர் ஏணி வைத்து ஏறச் சொன்ன இடத்தில் இவர் ஏறுவதில்லை. இரண்டு மூன்று சுரங்களுக்குள் நின்றுகொண்டு வரியை முடித்துவிடுகிறார். மேலும் கீழுமாக அலைகிற வேலை மிச்சமாகிறது, சொற்கள் எங்கே விழுகின்றன என்பதில் முழுக் கவனமும் போகிறது. கற்றது டிரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங்கிடம். பால்டிமோரில் சிறுமியாக இருந்தபோது, எடுபிடி வேலை செய்த ஒரு விலைமாதர் விடுதியின் கிராமபோனில் ஆம்ஸ்ட்ராங்கையும் பெஸ்ஸி ஸ்மித்தையும் கேட்டதாகத் தன்வரலாற்றில் சொல்கிறார். அந்தப் புத்தகத்தில் பல விஷயங்களைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். இதை மட்டும் நான் அப்படியே நம்புகிறேன், தட்டுகளே சாட்சி.

கர்நாடகக் காதுக்கு வருகிறேன். தாளம் தொடங்கும் சமத்தில் எடுக்காமல் அரை இடம், முக்கால் இடம் தள்ளி எடுக்கும் பாட்டு உங்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் நம்மிடம் அந்த இடம் நிச்சயம் செய்யப்பட்டது, தொடையில் தட்டும் கைக்கு அது தெரியும். பில்லி தள்ளும் தூரம் வரிக்கு வரி மாறுகிறது. ஒரு சொல்லைத் தாமதிப்பார், அடுத்த இரண்டைச் சேர்த்துத் தள்ளிவிடுவார், மூன்றாவதைத் தாளம் போனபின் வைப்பார். வந்து சேர வேண்டிய இடம் மட்டும் தப்புவதில்லை. எழுதிக் காட்ட முயன்றவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். தாளில் இறங்க மறுக்கிறது. கமகம் இல்லை என்பது சரி. ஆனால் நீட்டிய சுரத்தின் கடைசியில் மட்டும் ஒரு மெல்லிய நடுக்கம் வருகிறது, பிறகு சுரம் கொஞ்சம் சரிந்து அணைகிறது. அதற்கு நம்மிடம் பெயர் இல்லை. அதனால் அது இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்தது டெனர் சாக்ஸபோன் வாசித்த லெஸ்டர் யங். 1937 ஜனவரி 25 அன்று கவுண்ட் பேஸி குழுவின் ஆட்கள் சிலரோடு அவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். ‘திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்’ பாட்டில் முதலில் அவருடைய டெனர் பேசுகிறது, அதன்பின் பில்லி. இருவருக்கும் ஒரே சுபாவம்: குரலை உயர்த்தாமை. ஒரு பாட்டை வாசிப்பதானால் அதன் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது லெஸ்டரின் கட்சி. பில்லியும் தாயார் சேடியும் இருந்த வீட்டில் சிறிது காலம் தங்கியவர். ‘லேடி டே’ என்ற பெயர் அவர் வைத்தது. பதிலுக்கு இவர் அவரை ‘பிரெஸ்’ ஆக்கினார். பிரெசிடென்ட்டின் சுருக்கம்.

நீங்கள் கேலி செய்த படகுப் பாட்டு, ‘எ செயில்போட் இன் த மூன்லைட்’, 1937 ஜூன் 15 அன்று பதிவானது. கய் லம்பார்டோ குழு தேன் ஊற்றி வாசித்துப் பிரபலமாக்கியிருந்த பாட்டு. நிலவு, படகு, நீ. இதற்கு மேல் அதில் சரக்கில்லை. பில்லி அதைக் கிண்டல் செய்திருக்கலாம், செய்யவில்லை. உண்மையென்று நம்பிப் பாடுகிறார். பின்னால் லெஸ்டர் சன்னமாக வாசித்துக்கொண்டே வருகிறார். பில்லி மூச்சு விடும் இடத்தில் இவர் நுழைகிறார், பில்லி திரும்பும்போது ஒதுங்குகிறார், சில இடங்களில் இருவரும் ஒன்றாகவே சரிந்து இறங்குகிறார்கள். பக்கவாத்தியம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடிப்பதுபோல் இருக்கிறது.

வாழ்க்கை வரலாறு படித்தீர்கள் அல்லவா? இதையும் படித்திருப்பீர்கள். பில்லியின் தந்தை கிளாரன்ஸ் ஹாலிடே, கிட்டார் வாசித்தவர், அந்த 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் டெக்சஸில் இறந்தார். நிமோனியா, கறுப்பர் என்பதால் சிகிச்சை கிடைப்பதே பாடாக இருந்த ஊர். அதற்குச் சில மாதம் கழித்துத்தான் இந்தப் படகு மிதக்கிறது. அந்தச் சாவு பாட்டில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. மறுவருடம் ஆர்ட்டி ஷாவின் வெள்ளைக்காரர் குழுவோடு பாடும்போது நியூயார்க்கிலேயே ஒரு ஓட்டலில் சரக்கு லிஃப்டில் ஏறிப்போகச் சொன்னார்கள். அந்தக் காலத்துத் தட்டுகளிலும் அது இல்லை. பட்ட கஷ்டம் குறைவென்பதால் இளம் வயதில் சிரித்தார் என்று நினைக்க வேண்டாம். பாடும் மூன்று நிமிடத்தை அவர் அதற்கு விட்டுக்கொடுக்கவில்லை.

1939இல் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ வந்தது. மரத்தில் தூக்கிலிடப்பட்ட கறுப்பர்களைப் பற்றிய பாட்டு. அவருடைய நிறுவனம் மறுத்ததால் கமடோர் என்ற சிறிய நிறுவனத்துக்குப் பாடினார். பாட வேண்டிய பாட்டு. ஆனால் அதன்பின் கூட்டம் அவரிடம் வேறொன்றை எதிர்பார்க்கத் தொடங்கியது. தாளம் மெதுவானது, வயலின்கள் வந்தன, பாட்டுக்கு முன்பே துக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. ‘லேடி இன் சாட்டின்’ பெரிய பதிவு என்பதை நான் மறுக்கவில்லை. அதை நாம் கேட்கும் விதத்தில் இழவு வீட்டில் எட்டிப் பார்க்கிற குணம் கொஞ்சம் உண்டு என்பது என் எண்ணம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரைச்சல் பற்றி ஒரு வார்த்தை. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று போட்டிருக்கும் தொகுப்புகளில் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அப்படி ஒன்றை ஆசையாக வாங்கினேன். இரைச்சலைத் துடைத்தவர்கள் டிரம்ஸின் தட்டுச் சத்தத்தையும் பில்லியின் ‘ஸ’காரங்களையும் சேர்த்தே துடைத்திருந்தார்கள். கம்பளிக்குள் இருந்து பாடுவதுபோல் இருந்தது. பொரிகிற சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும், மூன்றாவது பாட்டில் காது அதை மறந்துவிடும். ஒரே மூச்சில் முப்பது பாட்டும் வேண்டாம். இவை ஒன்றொன்றாகக் காசு போட்டுக் கேட்டவை. நாளைக்கு இரண்டு போதும்.

நான் சொன்ன மூன்றையும் ஒரு வாரம் கேட்டபின் ‘லேடி இன் சாட்டினு’க்குத் திரும்புங்கள். குரல் போய்விட்டது, மூச்சு போய்விட்டது. ஆனால் சொல்லைத் தாளத்துக்குப் பின்னால் வைக்கும் அந்தக் கை அப்படியே இருப்பதைக் கவனிப்பீர்கள். முதல்முறை கேட்டபோது அழுகை அதை மறைத்திருக்கும்.

இன்னொன்று. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த ‘ஊ… ஊ… ஊ…’வைத் தட்டோடு சேர்ந்து பாடிப் பாருங்கள். நான் பலமுறை முயன்றிருக்கிறேன். இரண்டாவது ‘ஊ’வுக்குள் ரயில் போய்விடுகிறது.

அன்புடன்.