கேள்வி பதில்: கறுப்பின இறையியல்

கேள்வி: சார், கடவுள் ஒடுக்கப்பட்ட கறுப்பர் பக்கம் நிற்கிறார் என்று சொல்லும் இந்த இறையியலைத் தொடங்கியவர் அமெரிக்க இறையியலாளர் ஜேம்ஸ் கோன்தானே?

பதில்: புத்தகமாக்கியவர் அவர். முதல் நூல் 1969-ல் வந்தது. விஷயம் அதைவிடப் பழையது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பர் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். கறுப்பர் இங்கே முழங்காலிடக் கூடாது என்று ஒருவர் பிடித்து இழுத்தார். ஜெபம் முடியட்டும் என்று கேட்டுப் பார்த்தார் ஜோன்ஸ், விடவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பர்கள் மொத்தமாக எழுந்து வெளியேறினார்கள். கூட இருந்த ரிச்சர்ட் ஆலன் 1816-ல் தனித் திருச்சபையே அமைத்தார். கோன் வளர்ந்தது அந்தத் திருச்சபையில்தான்.

கேள்வி: எஜமானின் மதத்தை அடிமைகள் ஏன் பிடித்துக்கொண்டார்கள்? புரியவே இல்லை.

பதில்: அவர்கள் பிடித்துக்கொண்டது எஜமானின் பிரசங்கத்தை இல்லையே! ஹோவர்ட் தர்மன் என்ற இறையியலாளரின் பாட்டி அடிமையாகப் பிறந்தவர், எழுத்து தெரியாது. பேரனைத்தான் பைபிள் வாசிக்கச் சொல்வார். ஆனால் அதிலுள்ள பவுலின் நிருபங்கள், அதாவது அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதங்கள், பக்கம் போக விடமாட்டார். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-க்கு மட்டும் எப்போதாவது அனுமதி. பெரியவனான பிறகு பேரன் காரணம் கேட்டார். எஜமான் கூட்டிவரும் வெள்ளைக்காரப் போதகர், 'அடிமைகளே, கீழ்ப்படியுங்கள்' என்ற பவுலின் வசனத்தையே எடுப்பாராம். விடுதலை கிடைத்தால் அந்தப் பகுதியை வாசிப்பதில்லை என்று பாட்டி அன்றே முடிவு செய்துவிட்டார். இதைவிட நல்ல வேதவிளக்கம் எனக்குத் தெரியாது.

எஜமான்களுக்கும் பைபிளின் ஆபத்து தெரிந்திருந்தது. மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்காக 1807-ல் லண்டனில் அச்சிட்ட பதிப்பில் மோசே ஜனங்களை எகிப்திலிருந்து கூட்டிப்போகும் கதையே இல்லை.

கேள்வி: இயேசு கறுப்பர் என்கிறது இந்த இறையியல். அவர் யூதர், கறுப்பர் என்பது புரட்டு இல்லையா?

பதில்: டெட்ராய்ட் போதகர் ஆல்பர்ட் க்ளீஜ் நிஜமாகவே கறுப்பர் என்றார். கோன் சொன்னது வேறு: அமெரிக்காவில் மிதிபடுபவர் கறுப்பர், ஆகவே கிறிஸ்து அவர் பக்கம். அப்புறம், நீலக்கண் இயேசு படம் நம் வீட்டுச் சுவரில் தொங்கியபோது யாரும் புரட்டு என்று கேட்கவில்லையே?

கேள்வி: பெண்களுக்கு இதில் இடம் உண்டா?

பதில்: ஆரம்பத்தில் இல்லை. அந்தக் குறையை டெலோரஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண் இறையியலாளர் 1993-ல் பைபிளில் வரும் ஆபிரகாம் வீட்டு அடிமைப்பெண் ஆகாரின் கதையை வைத்துப் பேசினார். ஓடிப்போன அடிமைப்பெண்ணை தேவதூதன் எஜமானியிடமே திரும்பிப் போகச் சொல்கிறான், விடுதலை எங்கே? வனாந்தரத்தில் பிள்ளையோடு பிழைத்துக்கிடக்க வழி கிடைத்தது, அவ்வளவுதான். கடவுள் ஒடுக்கப்பட்டவரை விடுவிப்பவர் என்ற கோனின் வாதத்தில் இது நேராகக் கைவைக்கிறது.

கேள்வி: தலித் இறையியல் இதன் நகலா, அண்ணா?

பதில்: உந்துதல் உண்டு, நகல் இல்லை. 1980-களில் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் என்ற இறையியலாளர் தலித் இறையியலைப் பேசத் தொடங்கினார். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்க்காரனுக்கு ஃபிலடெல்ஃபியாவிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.