எருமை புதைந்த நிலம் எங்கே போனது?

கேள்வி: கேத்தி பள்ளத்தாக்கின் அடியில் எங்களுக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது. தாத்தா காலத்தில் எருமை இறங்கினால் புதையும் சதுப்பு. வடிகால் வெட்டித் திருத்தி, நாற்பது ஆண்டுகளாகக் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். மோட்டார் கொட்டகையின் அடிக்கல் இப்போது முழங்கால் உயரத்துக்கு வெளியே தெரிகிறது. இப்படித் திருத்திய நிலம் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். நாற்பது ஆண்டுகளில் போக வேண்டியது எல்லாம் போயிருக்காதா? இனி என்ன செய்யலாம்?

பதில்: போயிருக்காது. உங்கள் அடிக்கல் மேலே ஏறி வரவில்லை, நிலம்தான் கீழே இறங்கியிருக்கிறது. இறங்கிய மண்ணில் ஒரு பங்கு காற்றோடு கலந்துவிட்டது.

முதலில் ஒரு தெளிவு. நீலகிரியின் சரிவுகளில் இருப்பது செம்மண். தேயிலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பள்ளங்களின் அடியில் நீர் தேங்கி, புல்லும் கோரையும் மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்து உருவான கருமண்ணைப் பற்றித்தான் பேசுகிறோம். இதற்கு ‘பீட்’ என்று பெயர். ஊட்டியில் இந்தச் சொல்லைச் சொன்னால் பீட்ரூட் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் கருமண் என்றே எழுதுகிறேன். நீலகிரியின் இந்தப் படிவுகளை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993-ல் வெளியிட்ட கட்டுரை, சுமார் 20,000 ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாற்றை அதிலிருந்து படித்துக் காட்டியது. அத்தனை காலம் அது மட்காமல் இருந்ததற்கு முக்கியக் காரணம், நீருக்கடியில் காற்று புகாததுதான். வடிகால் வெட்டிய அன்று காற்று உள்ளே போனது, நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கின.

முதல் சில ஆண்டுகளில் நிலம் வேகமாக இறங்கும். அதில் பெரும்பகுதி வாயு இழப்பு அன்று. நீர் வடிந்த பஞ்சு போல மண் அமுங்குகிறது. அதன் பிறகு இறக்கம் மெதுவாகும். ‘அடங்கிவிட்டது’ என்று நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான். அமுங்குவது நின்றாலும் மட்குவது நிற்பதில்லை. இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற சதுப்பில் 1851-ல் தரைமட்டத்துக்கு நட்ட இரும்புத் தூண் இன்று சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. அந்த இறக்கத்தில் பெரும்பங்கு முதல் சில பத்தாண்டுகளில் நேர்ந்தது. ஆனால் அந்த வட்டாரத்தில் வடிகாலோடு பயிராகும் கருமண் இன்றும் கரைந்துகொண்டுதான் இருக்கிறது.

உங்கள் நிலத்துக்கு ஒரு கணக்குப் போடலாம். ஓர் ஏக்கரில் 1 செ.மீ. தடிமன் என்பது சுமார் 40 கன மீட்டர். உழுத கருமண் கன மீட்டருக்கு 200 கிலோ உலர் எடை, அதில் நூற்றுக்கு நாற்பது கரிமம் (கார்பன்) என்று வைத்தால் 3 டன்னுக்குச் சற்று மேல் கரிமம். அது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவானால் 12 டன். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. 2013-ல் தந்த வழிகாட்டி, மிதவெப்ப நாட்டில் வடிகாலிட்ட விளைநிலத்துக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 7.9 டன் கரிமம் என்கிறது. ஏக்கருக்கு மாற்றினால் அதுவும் கிட்டத்தட்ட 12 டன் கரியமில வாயுதான், அதாவது ஆண்டுக்கு 1 செ.மீ. மண். வெப்ப மண்டல விளைநிலத்துக்கு 14 டன் கரிமம் என்றிருக்கிறது. நம் மலையில் ஆண்டுச் சராசரி வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே இருப்பதால் முதல் எண்ணே நமக்கு நெருக்கம். ‘ஏக்கருக்குப் பத்து டன் தொழுவுரம் போடுகிறேனே’ என்று சிலர் வாதிடுவார்கள். ஈரத்தைக் கழித்தால் அதில் கரிமம் ஒன்றிரண்டு டன்தான், அதிலும் பெரும்பங்கு சில ஆண்டுகளில் மட்கிவிடும்.

வெளியேற்றம் ஆண்டுகளை எண்ணிக் குறைவதில்லை, நீர்மட்டத்தைத்தான் பார்க்கிறது. நிலம் தாழ்ந்து காலில் நீர் தட்டியதும் வடிகாலை இன்னும் ஒரு மண்வெட்டி ஆழம் வெட்டுகிறோம். அதுவரை மூழ்கியிருந்த கருமண்ணுக்குக் காற்றைத் திறந்துவிடுகிறோம். ஒவ்வொரு முறை ஆழப்படுத்தும்போதும் நாற்பது ஆண்டுக் கதை முதல் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. நிற்பது எப்போது என்றால், கருமண் தீர்ந்து அடியிலுள்ள களிமண்ணோ மணலோ ஏரில் வரும்போது. அப்போது விளைச்சலும் போயிருக்கும்.

ஆகவே முதல் வேலை, வடிகாலை இனி ஆழப்படுத்தாதீர்கள். இரண்டாவது, கடைப்போகம் எடுத்து நிலம் சும்மா கிடக்கும் வாரங்களில் வடிகாலின் வாயில் பலகையோ மணல் மூட்டையோ வைத்து, மேற்பரப்புக்கு 10 செ.மீ. கீழ்வரை நீரை ஏற்றுங்கள். பயிர் நிற்கும்போது மேட்டுப்பாத்தி போட்டு, நீர்மட்டத்தை 40 செ.மீ. கீழே வைத்தால் போதும். நீர்மட்டம் 10 செ.மீ. உயர்ந்தால் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 3 டன் கரியமில வாயு குறையும் என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நிலத்தை முழுக்க மூழ்கடித்துவிடாதீர்கள். கேரட் தழை அழுகி மீத்தேன் கிளம்பும். மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதையும், கரியமில வாயு நூற்றாண்டுகள் நிற்கும். அதனால் கொஞ்சம் மீத்தேனுக்குப் பயந்து நிலத்தைக் காயப்போடுவதும் தப்புக் கணக்கு. ஈர மண்ணுக்கு இன்னொரு லாபம் உண்டு. வறண்ட கருமண் பகல் சூட்டைத் தேக்கி வைக்காது, ஜனவரி உறைபனி அதில்தான் கடுமையாகக் கடிக்கும்.

உரச்செலவும் குறையும். மண் மட்கும்போது கரிமத்தோடு தழைச்சத்தும் (நைட்ரஜன்) விடுபடுகிறது. மேற்சொன்ன வேகத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல், அதாவது ஐந்து மூட்டை யூரியா. அதன்மேல் மேலுரமும் கோழி எருவும் கொட்டினால் மிச்சத்தில் ஒரு பங்கு மழையில் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாகப் போகும். எடைக்கு எடை அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேற்றும். யூரியாவைப் பாதியாக்கி ஒரு போகம் பாருங்கள். சுண்ணாம்பையும் மண் பரிசோதித்த பிறகே போடுங்கள், அது மட்குவதைத் தூண்டும்.

மண்வள அட்டையை நம்பி உட்காராதீர்கள். அதில் கரிமம் 0.75 சதவீதத்தைத் தாண்டினாலே ‘அதிகம்’ என்றுதான் வரும். 2 சதவீதமும் 20 சதவீதமும் ஒன்றுபோலத் தெரியும். ஆய்வகத்தில் மண்ணை எரித்து எடை இழப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். நிலத்தில் துளையிட்ட ஒரு மீட்டர் பி.வி.சி. குழாயை இறக்கி, வாரம் ஒருமுறை குச்சி விட்டு நீர்மட்டத்தை எழுதி வையுங்கள். அடிக்கல்லிலும் இன்றைய மண் மட்டத்துக்கு ஒரு கோடு கீறிவிடுங்கள். பலகை வைப்பதற்கு முன் மேல்நிலத்துக்காரரிடம் பேசிவிடுவது நல்லது. நீர் அவருடைய பீட்ரூட் பாத்திக்கும் ஏறும்.